ஒன்பது சென்டிமீட்டர் ஏறிய பித்தளைக் குமிழ்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நாளை காலை பத்து மணிக்கு மேடையில் நானே சொல்லிவிடுவேன். தமிழம்மா எழுதித் தந்த பேச்சு மேசைமேல் இருக்கிறது. இது நான் எழுதியது.

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அபிதகுஜாம்பாள் அம்மா அவர்களே! செம்பாக்கத்து மழையை முழங்கால் அளவில் அறிந்த பெரியோர்களே! கார்த்திகை பிறக்குமுன் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றும் தாய்மார்களே! பொன்னாடை பெற வந்திருக்கும் நில அளவையாளர், என் அப்பா சத்தியநாதன் அவர்களே! வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் பள்ளி மொட்டைமாடியில் இருபது ஆண்டாகச் செயற்கைக்கோள்களுக்குச் செவி கொடுத்து உயரம் சொன்ன பழைய நிலையத்தையும், மைதானத்து மூலையில் எழுந்த புதிய நிலையத்தையும் அப்பா அளந்து இணைத்துவிட்டார்! பழையதன் உயரம்தான் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஆதாரம். அந்த உயரம் எங்கே இருக்கிறது? வானத்திலா? இல்லை. மாடித் தளத்தில் பதித்த சிறு பித்தளைக் குமிழில்!

கைதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

போன மே மாதம் மாடியில் வெயிலுக்காக ஓடு பதித்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மேஸ்திரி தனசிங் அண்ணா குமிழைப் பெயர்த்துக் கையில் வைத்திருந்தார்.

"இன்னா பாப்பா இது? பளபளன்னு கீது. ஓட்டுக்கு அடியில போனா வேஸ்ட்டுதானே?"

"ஐயோ, மூடாதீங்க அண்ணா! எங்கப்பா ஆபீஸ் பொருள். மேல தெரியுற மாதிரி வெச்சிடுங்க."

அதே இடத்துக்கு நேர் மேலே, புது ஓட்டின்மீது பதித்தார். சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது நான்.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "ஹில்டா, பழசும் புதுசும் ஒன்பது சென்டிமீட்டர் இடிச்சுது. பழைய ஹைட்தான் ஸ்டாண்டர்ட். புதுசை இறக்கி மேட்ச் பண்ணிட்டேன்."

"அப்பாடா! இனிமேலாவது நேரத்துக்கு வீட்டுக்கு வருவீங்களா?"

எனக்குத் தனசிங் அண்ணா கையிலிருந்த குமிழ் நினைவுக்கு வந்தது. மறுநாள் மாடியில், ஓடு முடியும் ஓரத்தில் ஸ்கேல் வைத்தேன். கலவையும் ஓடுமாகச் சரியாக ஒன்பது.

ஒன்பது சென்டிமீட்டரெல்லாம் ஒரு பிழையா என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். ஏரிப்பக்க வாய்க்கால் பழைய அளவில் முடிந்துவிட்டது. அதன் தண்ணீரை வாங்க வேண்டிய நம் தெரு வாய்க்காலுக்குத் திங்கட்கிழமை, புதிய அளவில் கான்கிரீட். இரண்டுக்கும் இடையே சரிவு ஆறு சென்டிமீட்டர்தான்! புதியதன் எண்ணை ஒன்பது குறைத்துவிட்டதால், அதை நம்பிக் கட்டுவது நிஜத்தில் ஒன்பது மேலே நிற்கும். நம் பக்கம் ஒன்பது உயர்ந்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? மேட்டில் ஏறாது. திரும்பும். தெருவுக்குத் திரும்பும், வாசலுக்குத் திரும்பும், தொட்டில் கட்டிய அறைக்குத் திரும்பும்!

தனசிங் அண்ணா திருடவில்லை. அப்பா கணக்கில் பிசகவில்லை. குமிழைக் காப்பாற்றினோம், உயரத்தைக் கெடுத்தோம். என் சொல்லால் அப்பாவின் பொன்னாடை நழுவலாம். ஆனால் பொன்னாடை நனைந்தால் காயும். ஊர் நனைந்தால்?

ஆகவே கேட்கிறேன்! ஓட்டைப் பெயருங்கள்! பழைய குழியைத் தேடுங்கள்! திங்கட்கிழமைக்குள் மறுபடி அளந்து பாருங்கள்! அப்பா, தவறியது உங்கள் கருவி அல்ல. உங்கள் மகளின் சிவப்பு வட்டம்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"ஜெரூ, லைட் எரியுதே? நாளைக்குப் பேசப் போறதை எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டேன்மா."

அப்பா. மேசைமேல் இரண்டு தாள்கள். நான் இதைத்தான்