முப்பதடி நீலம்

அந்த நாற்காலி வேணாம் டீச்சர், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் காத்து வருதா? இல்ல இல்ல, பிரிண்ட் எடுக்காம உங்கள அனுப்புவேனா? மிஷின் கொஞ்சம் சூடாகணும், அவ்வளவுதான். நாலடி அகலப் பேப்பர் ஓடற மிஷின், காலையிலேருந்து சும்மா கெடக்கு, அதுக்கும் ஒரு சோம்பல் இருக்கும்ல. பத்து நிமிஷம். பேசிக்கிட்டே இருப்போம்.

நாளைக்கு எத்தன மணிக்கு நகராட்சியில விசாரணை? பத்தரையா. சரி, நேரம் இருக்கு.

என் சம்சாரம்தான் இங்க அனுப்பினாளா? அதானே பாத்தேன். என்ன சொல்லி அனுப்பினா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத கோடான்னு சொன்னாளா? சொல்லுவா, சொல்லுவா. வெளிய நாலு பேர்கிட்ட என்னைப் பத்திப் பேசணும்னா அவளுக்கு வாய் கொள்ளாது. வீட்டுக்குள்ள வந்தாதான் நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்.

நோட்டீஸ் ரெண்டையும் குடுங்க. ம். இது முதல்ல வந்தது, ஏழடி. உங்க முன்ரூம்ல ஏழடிய இடிக்கணும். இது போன வாரம் வந்தது, பதினாலடி. முன்ரூமே பத்தடிதானே உங்களுக்கு? அப்ப மொத்த முன்ரூமும் போய் அடுப்படியில நாலடி போகுது. ஆமா டீச்சர், அடுப்பு மேடை வரைக்கும் வந்துடும். அதுக்கப்புறம் என்ன இருக்கு, ஒரு படுக்கை ரூமும் பின்பக்கக் கதவும். அத வீடுன்னு எப்படிச் சொல்றது?

மத்தவங்களுக்கு எல்லாம் ஏழடியாவே இருக்கா? விசாரிச்சீங்களா? ஓ, வீடு வீடாப் போய் கேட்டுட்டு வந்துட்டீங்க. கணக்கு டீச்சர்னா சும்மாவா.

இல்ல, எங்க வீட்டுக்கு ரெண்டாவது நோட்டீஸ் வரல. சொவத்துல இருந்த சிவப்புக் குறியா? ஆமா, அழிச்சுட்டாங்க. ஏன்னா... அங்கதான் வர்றேன் டீச்சர். முதல்லேருந்து சொன்னாதான் புரியும். தண்ணி குடிங்க.

மூணு மாசம் முன்னாடி நகராட்சியிலேருந்து குட்டி இன்ஜினியர் வந்தாரு. அதான், குள்ளமா, பாக்கெட்டுல எப்பவும் ரெண்டு பேனா வெச்சிருப்பாரே, அவருதான். அங்க படம் போடறவரு ரிட்டயர் ஆயிட்டாராம், அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடல. நம்ம தெருவுக்கு அடியில ஓடுதே சாக்கடை, அத அகலப்படுத்தப் போறோம், கவுன்சில் கூட்டத்துல மாட்டறதுக்கு ஒரு படம் வேணும்னாரு. நான் கடை போர்டு போடறவன், விசிட்டிங் கார்டு அடிக்கறவன். இருந்தாலும் நகராட்சியே நம்மளத் தேடி வந்தா வேணாம்னு சொல்லுவேனா? தலை கால் புரியல எனக்கு.

ஒரு பழைய ஷீட்டு குடுத்தாரு. நடுவுல தெரு, ரெண்டு பக்கமும் வீடுங்க எல்லாம் கட்டம் கட்டமா, தெரு நடுவுல சாக்கடைக்கு ஒரே ஒரு மெல்லிசான கோடு. அத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஒவ்வொரு கட்டத்துலயும் வீட்டு நம்பர் என் கையாலயே போட்டேன். உங்க இருபத்தொண்ணு, எங்க இருபத்திரெண்டு, எதிரும் புதிருமா. அவள வேற கூப்பிட்டுக் காட்டினேன், பாருடி, நம்ம வீடு மேப்புல இருக்குன்னு.

இப்ப ஒண்ணு சொல்றேன், நீங்க சிரிக்கக் கூடாது. என் பொண்ணுக்கு நீங்க ஒரு தடவ பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்க, நான் அவளக் கூட்டிட்டுப் போக வந்து வாசல்ல நின்னுட்டு இருந்தேன். கோட்டுக்கு நீளம் மட்டும்தான் உண்டு, அகலமே கெடையாதுன்னு சொன்னீங்க. அவ நம்பவே இல்ல, பென்சில் கோட்டுக்கே அகலம் இருக்கேன்னு சண்டை போட்டா. எனக்கு மட்டும் சட்டுனு புரிஞ்சுது. ஏன்னா என் கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். கோட்டுக்கு உடம்பே கெடையாது. இங்கேருந்து அங்க போன்னு ஒரு பாதை, அவ்வளவுதான். அப்புறம் நாமதான் அதுக்கு சதை போடறோம். ரெண்டு பாயிண்ட் தடிமன்னா ரெண்டு, இருபதுன்னா இருபது. கோடு கேக்காது, ஏன்டா என்னை இவ்வளவு குண்டாக்கறேன்னு.

கூட்டத்துக்கு முந்தின நாள் பெரிய இன்ஜினியர் வந்து படத்தப் பாத்தாரு. என்னய்யா இது, தலைமுடி விழுந்து கெடக்கற மாதிரி இருக்கு, பின் வரிசையில உக்காந்திருக்கறவனுக்குத் தெரியுமா இதுன்னாரு. தடிமன் ஏத்தினேன். போதுமா சார்னேன். இன்னும்னாரு. போதுமா சார். இன்னும் கொஞ்சம். அந்த நீலம் தெருவ ரொப்பி, ரெண்டு பக்கத்து வீட்டு மேலயும் ஏறி உக்காந்துச்சு. அப்பதான் சபாஷ்னாரு. எனக்கும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க. என்னன்னு? வரைபடத்தில் நீல நிறத்தில் காட்டியுள்ளவாறு அகலப்படுத்துவது. பதினேழு கவுன்சிலர் கையெழுத்து. முடிஞ்சுதா? அளக்கறவங்க வந்தாங்க. படத்து மேல ஸ்கேல வெச்சாங்க. நீலம் எவ்வளவு? கணக்குப் போட்டா முப்பதடி. தெரு எவ்வளவு? பதினாறடி. மிச்சம் பதினாலு, பக்கத்துக்கு ஏழு. நீங்க சிரிக்கறீங்களா டீச்சர், அழறீங்களா? எனக்கும் தெரியல எத பண்றதுன்னு. மையோட தடிமன நிலம்னு நெனச்சு அளந்துட்டுப் போயிட்டாங்க. பின் வரிசைக்காரன் கண்ணுக்குத் தெரியறதுக்காக ஏத்தின தடிமன் அது!

சிவப்பு பெயின்ட் எடுத்துட்டு வந்து எங்க வீட்டுச் சொவத்துலயும்தான் அடிச்சாங்க, நீங்க உங்க ஜன்னல்லேருந்து பாத்துட்டுதானே இருந்தீங்க. எங்க முன்ரூம்ல அவ தையல் மிஷின் போட்டிருக்கா. அதுல ஏழடி போனா மிஷினும் இல்ல, அவ வேலையும் இல்ல. அன்னிக்கு அவ சோறே திங்கல.

ஓடினேன் குட்டி இன்ஜினியர்கிட்ட. சார், அது வெறும் கோட்டோட தடிமன் சார், சாக்கடையோட அகலம் இல்ல சார்னேன். முதல்ல சிரிச்சாரு. அப்புறம் எழுந்து போய் கதவச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. இதோ பாரு தம்பின்னாரு. கோடு தப்புன்னா தீர்மானம் தப்பு. தீர்மானம் தப்புன்னா கையெழுத்துப் போட்ட பதினேழு பேரும் தப்பு. பதினேழு பேர் தப்பு பண்ணிட்டாங்கன்னு ஒரு போர்டு கடைக்காரன் வந்து சொன்னா, கடைசியில யாரு தப்புன்னு முடிவாகும்னு நீயே சொல்லுன்னாரு. படத்துக்குக் கீழ மூலையில என் கடைப் பேர வேற பெருசாப் போட்டு வெச்சிருக்கேன், விளம்பரம் ஆகட்டும்னு.

கெளம்பும்போது கூப்பிட்டாரு. ஃபைல்ல வெக்க சுத்தமா ஒரு காப்பி வேணும், வெள்ளிக்கிழமை குடுத்துடு. முப்பதடியில மட்டும் கை வெக்காத, அது எல்லாப் பேப்பர்லயும் ஏறிடுச்சு. மத்தபடி அங்கங்க வளைவு நெளிவு இருந்தா நீயே பாத்துக்கோ, சாக்கடைன்னா வளையத்தானே செய்யும்னாரு. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நல்லது பண்றதா நெனச்சாரா, மாட்டி விட்டாரா? கதவத் தொறந்து விட்டாரு, நான் வெளிய வந்துட்டேன். ஆனா அந்த ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கற மாதிரிதான் இருக்கு எனக்கு. மூச்சு முட்டுது டீச்சர்.

என்னது? இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேர்க்குது, அவ்வளவுதான்.

உங்க வீட்டுச் சாவி எங்க வீட்ல ஆணியில தொங்குதுல்ல, எங்க சாவி உங்க ஃப்ரிட்ஜ் மேல கெடக்கற மாதிரி. அந்த ஆணி எங்க சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிர்ல இருக்கு. போன வாரம் உங்களுக்கு ரெண்டாவது நோட்டீஸ் வந்த அன்னிக்கு, அது மேல காலண்டர எடுத்து மாட்டிட்டேன். அவ கேட்டா, ஏங்க, அங்க காலண்டர் கோணலா நிக்குதேன்னு. சாவி உள்ள இருந்தா கோணலாத்தானே நிக்கும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், அத மட்டும் நம்புங்க. நம்ம குறிய அழிச்சுட்டாங்கன்னதும் தெருவே கேக்கற மாதிரி சிரிச்சா. உங்க நோட்டீஸப் பாத்துட்டு அதே வாயால அழுதா. நம்ம டீச்சருக்கு ஏதாவது பண்ணுங்க, கம்ப்யூட்டர வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்களேன்னு தெனமும் என்னைப் புடுங்கி எடுக்கறா. இன்னிக்கு உங்களயே அனுப்பிட்டா.

படம் தர்றேன். ஒண்ணு இல்ல, ரெண்டு தர்றேன். கூட்டத்துல மாட்டினது ஒண்ணு, வெள்ளிக்கிழமை குடுத்தது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, கண்ணு தெரியாதவனுக்கும் புரியும். கோட்டுக்கு அகலம் இல்லன்னு நீங்க சொன்னா கேப்பாங்க, நீங்க டீச்சர். யாரு போட்டதுன்னு கேட்டா மூலையில பேர் இருக்கு. அத எடுத்துடலாமான்னு நெனச்சேன். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை என்ன ஆச்சா? சொல்றதவிட காட்டிடறேனே. நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டுக்கோங்க. ஸ்க்ரீன் தெரியுதா? இது பழைய படம், கூட்டத்துல மாட்டினது. நீலம் ரெண்டு பக்கமும் ஏழு ஏழு. இந்தாங்க, மவுஸப் புடிங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஒடைஞ்சு போயிடாது. உங்க இருபத்தொண்ணு எங்க இருக்கு? ம், அதேதான். அதுக்கு நேரா கோட்டோட ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி இருக்குல்ல? அதப் புடிச்சுட்டீங்களா? இதுக்குன்னே ஒரு வசதி வெச்சிருக்கான் இதுல. ஒரே கோட்டுல ஒரு எடத்துல மட்டும் தடிமனக் கூட்டலாம், கொறைக்கலாம். இந்தப் பட்டன நான் அமுக்கிக்கறேன், அப்பதான் ஒரு பக்கம் மட்டும் நகரும். இப்ப புள்ளிய மெதுவா உள்ள இழுங்க. இழுங்க. பாத்தீங்களா! உங்க முன்ரூம் வெளிய வந்துடுச்சு. நீலம் தெருவோட நின்னுடுச்சு. எவ்வளவு ஈசி பாருங்க. கை நோகுதா? நோகாது. அரை நிமிஷம்கூட ஆகல.

இப்ப இங்க ஒரு நம்பர் வருது பாருங்க. இருபத்துமூணு. முப்பதுதானே வேணும்? இருபத்துமூணுன்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க, படத்தத் திருப்பி அனுப்பிடுவாங்க, உங்க முன்ரூம் பழையபடி நீலத்துக்குள்ள போயிடும். அந்த ஏழடிய எங்கயாவது வெச்சாகணும். ஒண்ணுமில்ல, அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அதப் புடிச்சு அதே அளவு வெளிய இழுத்துட்டா முடிஞ்சுது. நம்பர் முப்பது ஆயிடும், உங்க வீடும் தப்பிச்சுடும். புடிச்சீங்களா? இழுங்க. இன்னும் கொஞ்சம் இழுங்க டீச்சர்.

ஏன் நிறுத்திட்டீங்க?

ஆமா. இருபத்திரெண்டு. எங்க வீடுதான். அவ தையல் மிஷின் இருக்கற எடத்துலதான் இப்ப நீலம் நிக்குது. இன்னும் ஏழடி இழுத்தா அடுப்படி. சும்மா பாடம்தானே டீச்சர், நெஜம் இல்லியே, இழுக்கலாம்ல? மாட்டீங்களா? சரி. மவுஸ விட்டுடுங்க. பிரிண்ட் மிஷின் காலையிலேயே சூடாயிடுச்சு, எடுத்துத் தர்றேன்.

வெள்ளிக்கிழமை இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். முதல் புள்ளிய எங்க வீட்டுப் பக்கம் உள்ள இழுத்தேன். அப்புறம் எதிர்ப்பக்கத்துப் புள்ளியப் புடிச்சேன். உங்க நம்பர் தெளிவாத் தெரிஞ்சுது, நான் போட்ட நம்பர்தானே. நீங்க இப்ப நிறுத்தின எடம் வரைக்கும் வந்தேன். நீங்க கைய எடுத்துட்டீங்க. நான் எடுக்கல டீச்சர்.