பிரேக் கேட்காத டிரைவர்

வெள்ளவத்தையில் நான் கொட்டாஞ்சேனை பஸ் ஏறியபோது, முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த தன் தங்கச்சியிடம் சொன்னது காதில் விழுந்தது: "எனக்குப் பிரேக்கே வேண்டாம்."

அவர் ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லொறி ஓட்டுபவர் என்பது பேச்சில் தெரிந்தது. தங்கச்சி தன் கம்பெனியில், போனில் விளையாடுவதற்கான கார் ரேஸ் கேம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் அதை முதலாளியிடம் காட்ட வேண்டுமாம்.

"சுவரில இடிச்சா கார் நொறுங்கோணும் எண்டு டீமில எல்லாரும் சொல்லுறாங்கள், அண்ணா. அதுதானாம் நிஜம்."

"நிஜத்தை நான் ஒவ்வொரு நாளும் ஓட்டுறன். ஒரு கீறல் விழுந்தாலே விளக்கம் எழுதிக் குடுக்கோணும். கேமிலயும் அதுவா? வளைவில பிரேக் பிடிக்காமலே சறுக்கோணும். இடிச்சா துள்ளி எழும்பித் திரும்ப ஓடோணும்."

"அப்ப லேசாப் போயிடுமே?"

"முன்னுக்குப் போறவனைப் பிடிக்கிறது கஷ்டமா இருக்கட்டும். விழுந்தவன் எழும்புறதுக்கு ஏன் கஷ்டம்?"

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. அவள் டீமுக்குப் போன் எடுத்தாள்.

"ஓம், நான்தான். கார் நொறுங்கிறதை எடுத்துவிடுங்கோ. ஓம், முழுசா. முதலாளி கேட்டா நான் கதைக்கிறன்."