துருவ நட்சத்திரத்துக்கு நேரே ஒரு விளக்கு

கடலூரில் துருவ நட்சத்திரம் தென்னந்தலைக்கு மேல் ஏறாது அய்யா. வடக்கே அடிவானத்தை ஒட்டித்தான் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் டெலஸ்கோப்பின் அச்சை நேராக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். திருவந்திபுரம் தாண்டி நான் வீடு கட்டிய தெருவில், சரியாக அந்த இடத்தில் ஒரு தெருவிளக்கு.

அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். கம்பத்துப் பெட்டி கைக்கு எட்டும் உயரம்தான். தெருவில் இருந்ததும் இரண்டே வீடுகள்.

எதிர்வீட்டு ஜெயராணி மருந்துக் கடையில் வேலை பார்த்தார். இருட்டிய பிறகு ஸ்கூட்டியில் திரும்புவார். நல்ல பெண். அவருடைய மகள் ரேகாவுக்கு வியாழனைக் காட்டியதே நான்தான். ஆனால் விளக்கு அணைந்தால் ஜெயராணி விடமாட்டார்.

"அண்ணா, லைட்டு மறுபடியும் போச்சுண்ணா. லைன்மேனுக்குப் போன் போட்டுட்டேன். சாக்கடைக்குப் பள்ளம் வேற தோண்டி வச்சிருக்காங்க, யாராவது உழுந்துட்டா என்ன பண்றது?"

"நானும் சொல்றேம்மா" என்பேன்.

தை மாதம் வானம் துடைத்த மாதிரி இருக்கும். ஓரியன் நெபுலா என்கிற ஒளிரும் வாயு மேகத்தைப் படம் எடுக்க அதுதான் பருவம். அன்று பகலில் பள்ளத்தை எங்கள் வாசல்வரை நீட்டியிருந்தார்கள். வேலைக்குப் போயிருந்த ஜெயராணிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஊற்றுத் தண்ணீர் சுரந்து பள்ளம் நிறைந்திருந்தது. வண்டி வெளிச்சத்தில் பார்த்தால் சாலையில் தேங்கிய தண்ணீர் போலத்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். நெபுலாவின் ஒளியும் சிவப்புதான், இதுவும் படத்தில் கலந்துவிடும் என்று அதையும் எடுத்து என் மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"அண்ணா, வண்டி மேல கெடக்குது. எழுந்திரிக்க முடியல. வாங்கண்ணா."

நான் மாடியில் இருப்பது அவருக்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

அவர் மூச்சு வாங்கக் கூப்பிடுவதை நிறுத்திய நேரத்தில் ரேகா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மாமா, அம்மா கூப்புட்டாங்களா?"

"இல்லடா. டிவியில கேட்டிருக்கும். லைட்டை அணைச்சிட்டு உள்ள போ."

போனாள். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை.

நடந்தால் மாடி அதிரும், ஓடிக்கொண்டிருக்கும் படம் கெட்டுவிடும், அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று விசாரணையில் முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. இந்த வேலையில் ஒரே படம் என்று கிடையாது. நிறையப் படங்களை எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம். அசைந்துபோனதைக் கணினியே கழித்துவிடும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கேமரா 'டிக்' என்று சொல்லும். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போயிருக்கலாம்.

குரல் அடங்கும்வரை உட்கார்ந்தே இருந்தேன். இனி காலையில் லைன்மேனைக் கூப்பிட இந்தத் தெருவில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.