பேட்டரி அறை வாசலில் ஒரு ஜோடி ஷூ

தீர்ந்துபோன பேட்டரியை யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. ரிமோட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கழற்றி இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சிலர் வெயிலில் வைப்பார்கள், பல்லால் கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. எதற்கும் மசியவில்லை என்றால் மேசை இழுப்பறைக்குள் போட்டு மறந்துவிடுவார்கள். அங்கே அது சாவிக்கொத்தோடும் குண்டூசியோடும் உருண்டுகொண்டு கிடக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான். தீர்ந்த பேட்டரி முழுசாகத் தீர்ந்திருப்பதில்லை. உள்ளே மிச்சசொச்சம் கொஞ்சம் இருக்கும். இரண்டு முனையையும் ஒரு இரும்புத் துண்டு தொட்டுவிட்டால் அந்தக் கொஞ்சமே போதும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், சார், நீங்கள் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு அலுவலராக இருந்த காலம் முழுக்க இந்த ஒரு வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். நூலகம், விடுதி, கேன்டீன் என்று எல்லா இடத்திலும் பழைய பேட்டரி போடப் பெட்டி வைத்தவள் நான். அவற்றைச் சேர்த்துவைக்க வேதியியல் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு பாழடைந்த அறையைக் கெஞ்சி வாங்கினேன். அங்கிருந்து மறுசுழற்சி ஆலைக்கு வண்டி போகும்.

அறைக்கு விதிகளும் நான்தான் போட்டேன். ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் டேப் ஒட்ட வேண்டும். உப்பிப்போனவற்றை மற்றவற்றோடு டிரம்மில் போடாமல் மணல் வாளியில் தனியாக வைக்க வேண்டும். தரையில் ரசாயனம் கசிந்திருக்கும் என்பதால் சொந்தச் செருப்பையோ ஷூவையோ வாசலில் உள்ள தாங்கியில் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. தாங்கியில் ஷூ இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடக் கூடாது.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேராசிரியர்கள் பேட்டரியைச் சாப்பாட்டு மிச்சத்தோடு கொட்டினார்கள். மாணவர்கள் எனக்கு 'டேப் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னவர் மாணவர் இல்லை, அதே கட்டடத்தில் ஆய்வகச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்க்காரர்தான் என்று பிறகு தெரிந்தது.

ஸ்டோர்க்காரர் என்னைவிடப் பெரியவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். நான் டேப் ஒட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"செத்துப்போன பேட்டரிக்குக் கட்டு போடறீங்களே மேடம், எந்த ஊர் வைத்தியம் இது?"

நானும் சிரிப்பேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. பேட்டரி அறையை மூடிவிட்டு அங்கே நகலெடுக்கும் இயந்திரம் வைக்கலாம் என்றார் பதிவாளர். இப்படியே போனால் ஒருநாள் தீப்பிடிக்கும் என்றேன். "இத்தனை வருஷமா பிடிக்கலையேம்மா, உங்களுக்காகவாவது ஒரு தடவை பிடிச்சிருக்கலாம்" என்றார். அறையே குலுங்கிச் சிரித்தது. மற்றவர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. கடைசி வரிசையில் ஸ்டோர்க்காரரும் சிரித்தார். அது மட்டும் சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து என் அறையிலேயே தனியாகச் சாப்பிட்டேன்.

ஒரு சின்னத் தீ போதும் என்று அப்போதுதான் தோன்றியது. யாருக்கும் காயமில்லாமல், ஒரு டிரம்மும் கொஞ்சம் சுவரும் கருகினால், பிறகு ஆயுசுக்கும் எல்லாரும் டேப் ஒட்டுவார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோம், அது அழுகிறது. அப்படித்தான் இதைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மணல் வாளியில் இருக்க வேண்டிய உப்பிய பேட்டரிகள் சிலவற்றை டேப் இல்லாமல் டிரம்மில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அறை அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. பேட்டரிகளும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வதுபோல் இருந்தது. டிரம்முக்குள் கிளறிப் பார்த்திருக்கலாம், கையை விட மனசு துணியவில்லை. மூன்றாவது முறை எல்லாவற்றையும் அடியில், அட்டைப் பெட்டிகளுக்குக் கீழே வைத்தேன். புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் கழற்றினேன். அதன் முனையில் டேப் ஒட்டித்தான் பெட்டியில் போட்டேன். பழக்கம்.

சனிக்கிழமை மதியம் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தேன். புகை வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தி, தீயணைப்புக்குச் சொன்னேன். கதவு மூடியிருந்தால் தீ பரவாது, எல்லாப் பயிற்சி வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுப்பது அதுதான். உண்மையிலேயே பரவவில்லை. பக்கத்து ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடையவில்லை. உள்ளே ஸ்டோர்க்காரர் இருந்தது எனக்குத் தெரியாது என்று முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியுமா? அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை ஆனா அங்கதான் ஓடுவாரும்மா. அந்தப் பொண்ணு ஒண்டியா மாரடிக்குது, விட்டுப்போனதை நான் ஒட்டி வெச்சிடறேன்னு சொல்லுவாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னுட்டாரு. அப்புறம் கிண்டல் பண்ண முடியாதாம்."

உண்மையாகவே அழுதேன், சார். முந்தைய இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் வைத்ததை எடுத்து, டேப் ஒட்டி, மணலில் புதைத்துவைத்தது அவர்தான். தீக்குத் தப்பிய ஒரு வாளியில் அவை கிடைத்தனவாம். நான் ஒட்டுவதைவிட ஒழுங்காக, ஓரம் மடித்து ஒட்டியிருந்தார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் எல்லாரும் டேப் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஒரு டேப் சுருள் தொங்குகிறது. பதிவாளர் தன் கார்ச் சாவியின் பொத்தான் பேட்டரியைக்கூட டேப் சுற்றி, தானே கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அறையில் ஸ்டோர்க்காரரின் படம் மாட்டியிருக்கிறார்கள். நான் சொன்னது தவறு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தூக்கம்தான் சரியாக வருவதில்லை. டேப்பைச் சுருளிலிருந்து இழுத்துக் கிழிக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே? பகலில், நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் அது கேட்கிறது. ஒரு இழுப்பு, ஒரு கிழிப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு இழுப்பு. வீட்டில் இருந்த டேப்பை எல்லாம் வெளியே போட்டுவிட்டேன். இருந்தும் அவர் நிறுத்தவில்லை. போய் எட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பார்த்தால் அவர் ஏதாவது கிண்டலாகச் சொல்வார், நான் சிரிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. விசாரிக்க வந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கதவோடு சேர்ந்து வாசலில் இருந்த தாங்கியும் கரிக்கட்டையாகிவிட்டது, ஸ்டோர்க்காரரின் ஷூ மட்டும் எப்படிப் படிக்கட்டுக்குக் கீழே, தூசிகூடப் படாமல், ஜோடியாக இருந்தது என்று.

சரி, சொல்கிறேன். நான் போனபோது புகை வரவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. தாங்கியில் அவருடைய பழுப்பு ஷூ இருந்தது. உள்ளே டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. முந்தைய வாரங்களில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த நொடியில் புரிந்துபோயிற்று. அவர் மனைவி சொல்லித்தான் தெரியும் என்பதில்லை. அட்டைப் பெட்டிகளை அவர் நகர்த்துவதும் கேட்டது. 'தொடாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். திங்கட்கிழமை கேன்டீன் முழுக்கச் சிரிக்கும். பிறகு உஸ்ஸென்று ஒரு சீறல் எழுந்தது. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவர் என் காலடிச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், நீங்களா? நல்லவேளை வந்தீங்க. கதவைத் தொறங்க" என்றார். குரலில் பயமே இல்லை. நான் வந்துவிட்டதால் இனி கவலையில்லை என்ற குரல் அது.

அந்த ஷூ அவர் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் துடைப்பார் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் அவர் தேடி அலையக் கூடாதே என்றுதான் எடுத்துப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன்.