மூன்று பிரதி எடுத்த பன்னிரண்டு சொற்கள்

பெயர்: ஸ்ரீகரன், த/பெ விநாசித்தம்பி. வயது: 66. தொழில்: அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். முகவரி: அடுக்குமாடி வீடு, ஐந்தாம் மாடி, ஜெலுத்தோங், பினாங்கு. நாள், நேரம்: சனிக்கிழமை, மாலை 5.10. தமிழில் கூறியதைக் கேட்டுப் பதிவு செய்தவர்: சார்ஜன் மோகனராஜ்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி உமாவுடன் வசித்து வருகிறேன். இன்று பிற்பகல் 3.25 மணிக்கு இதே காவல் நிலையத்துக்கு வந்து, என் கைத்தொலைபேசியில் கிரிப்டோவாக வைத்திருந்த ஆயிரம் டாலர் திருடுபோய்விட்டதாகப் புகார் கொடுத்தேன். அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதற்காக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். வற்புறுத்தல் இல்லை என்று நான் சொன்னபோது சார்ஜன் சிரித்தார். அதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

நல்லம்மா என் சித்தப்பாவின் மகள். ஆறு வயது வரை ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். சித்தப்பா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பியபோது அவளும் போய்விட்டாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் இல்லை. கோப்பாயில் தன் வீட்டுச் சமையலறையில் சின்ன அடுப்பில் பணிஸ் என்னும் பன் ரொட்டி சுட்டு, பக்கத்துப் பள்ளிகளுக்கு விற்கிறாள். ஒரு நாளைக்கு ஐம்பது பணிஸுக்கு மேல் அந்த அடுப்பு தாங்காது. கடந்த செவ்வாய்க்கிழமை அவள் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, பிரஷாந்தி என்ற பெண் வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போவதற்காகத் தன் பேக்கரியை மூடுகிறாள் என்றும், அவளுடைய பெரிய போறணையை, அதாவது ரொட்டி சுடும் மின் அடுப்பை, ஆயிரம் டாலருக்குத் தருவதாகச் சொல்கிறாள் என்றும் கூறினாள். அது கிடைத்தால் ஐம்பது பணிஸ் ஐந்நூறு பணிஸ் ஆகும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் வேறொருவர் கடையில் நின்று வேலை செய்யப் போக வேண்டியதுதான் என்றாள். இத்தனை வருடத்தில் நல்லம்மா என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை. நான் உடனே சரி என்றேன்.

ஆனால் பிரஷாந்திக்கு ரூபாய் வேண்டாம். ஊரை விட்டுப் போகிறவள் ரூபாயை வைத்து என்ன செய்வாள்? டாலரோடு மதிப்பைக் கட்டிய கிரிப்டோவாகத் தந்தால் போகிற இடத்திலும் தன் போனிலேயே இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை அங்குள்ள நேரம் மதியம் ஒரு மணிக்கு, அதாவது நமக்கு 3.30க்கு, அவள் கொழும்புக்குப் புறப்படுகிறாள். அதற்குள் பணம் வராவிட்டால் வவுனியாவிலிருந்து லாரியோடு வருகிற வேறொருவருக்குப் போறணை போய்விடும் என்பது பேச்சு.

அதன் பிறகு புதன்கிழமை மாலை என் மருமகன் கஜன் வீட்டுக்கு வந்து, இங்கே அனுமதி பெற்ற ஒரு தளத்தில் ஆயிரம் டாலருக்கான கிரிப்டோவை வாங்கி, என் போனில் ஒரு பணப்பைச் செயலியைப் போட்டு அதில் சேர்த்துக் கொடுத்தார். எப்படி அனுப்புவது என்று நான்கு முறை சொல்லிக் காட்டினார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தச் செயலி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டியது. கஜன் என்னிடம், "மாமா, இந்தப் பன்னெண்டு வார்த்தை இருந்தா யாரு வேணும்னாலும் எந்தப் போன்லயும் உங்க பணத்த எடுத்துரலாம். ஒரே ஒரு தாள்ல எழுதி வைங்க. யாருகிட்டயும் காட்டாதீங்க லா," என்றார்.

என் தவறு இங்கே ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு தாள் என்றால் அது எனக்கு ஆவணமே இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பிரதி எடுக்காத, முத்திரை வைக்காத எந்தத் தாளும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அதனால் அந்தப் பன்னிரண்டு சொற்களையும் வரிசை எண் போட்டு நல்ல கையெழுத்தில் எழுதி, வியாழக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட்டில் உள்ள சல்மாவின் நகல் கடைக்குப் போய் மூன்று பிரதிகள் எடுத்தேன். முதலில் எடுத்த ஒன்று மங்கலாக இருந்ததால் அதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு எடுத்தோம். அதன் பிறகு அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் சத்தியப் பிரமாண ஆணையர் சிதம்பரத்திடம் கொடுத்து, உண்மைப் பிரதி என்று முத்திரை வைக்கச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, வெறும் வார்த்தையா இருக்கு? இதுல எதுண்ணே உண்மை?" என்று கேட்டார். இரகசியம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்காமல் மூன்றிலும் முத்திரை வைத்தார்.

ஒரு பிரதியைச் சிதம்பரத்திடமே பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றை உறையிலிட்டுக் கஜனுக்குக் கொடுத்தேன். ஒன்றை வீட்டு இரும்பு அலமாரியில் ஒரு கோப்பில் போட்டு, கோப்பின் மேல் 'நல்லம்மா, போறணை, மிக இரகசியம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். அசல் என் சட்டைப் பையில் இருந்தது.

அதன் பிறகு இன்று காலை பத்து மணிக்கே நான் பணத்தை அனுப்பியிருக்கலாம். கஜன் சொன்னபடி செய்திருந்தால் பத்து ஐந்துக்கு முடிந்திருக்கும். ஆனால் முகப்புக் கடிதம் இல்லாமல் ஒரு தொகையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எதற்காக, யாருக்கு, எந்த முகவரிக்கு என்று ஒரு கடிதம் எழுதி, பிரஷாந்தியின் பணப்பை முகவரியில் உள்ள எழுத்துகளை அளவுகோல் வைத்து மூன்று முறை சரிபார்த்து, பன்னிரண்டு மணி பேருந்தில் புறப்பட்டுச் சிதம்பரத்தின் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் வீட்டு விற்பனைப் பத்திரங்களை ஆறு கட்டாகக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தது. கைத்தொலைபேசியை அமைதியில் வைக்கும்படி அங்கே பலகை மாட்டியிருந்ததால் அப்படியே வைத்தேன். சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கடிதத்தில் முத்திரை கிடைத்தது. கீழே இறங்கி, சல்மாவிடம் கடிதத்தைப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, பணத்தை அனுப்பச் செயலியைத் திறந்தேன். அதில் பூஜ்யம் என்று இருந்தது. நல்லம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. அந்தப் பதற்றத்தில், நீதான் என் இரகசியத்தைப் பிரதி எடுத்தாய் என்று சல்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர், "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க லா அண்ணே? மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க," என்றார். நான் உட்காரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு வாடகைக் காரைப் பிடித்து இந்த நிலையத்துக்கு வந்தேன்.

சந்தேகம் யார் மேல் என்று சார்ஜன் கேட்டதற்குச் சல்மா, சிதம்பரம், கஜன் ஆகிய மூன்று பேரையும் சொன்னேன். வீட்டில் இருக்கும் பிரதியை மனைவி பார்த்திருக்கலாமே என்று அவர் கேட்டார். அதற்கு நான், 2014இல் எங்கள் மகள் அனுஜாவின் திருமணத்துக்கு வந்த நல்லம்மா, உமா செய்த பயற்றம் பணியாரம் என்ற இனிப்பைக் கல் என்று சபையில் சொல்லிவிட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றும், நல்லம்மா விஷயமாக உமா ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாள் என்றும் சொன்னேன். அது அப்படியே புகாரில் எழுதப்பட்டது.

அதன் பிறகு சார்ஜன் என் போனை வாங்கி, நான் பார்க்கத் தெரியாத ஒரு பக்கத்தைத் திறந்தார். பிற்பகல் 2.20க்கு ஒரு டாலரும், 2.23க்கு மீதி முழுவதும் அனுப்பப்பட்டிருந்தன. அவர் என் முகப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, ரெண்டும் ஒரே அட்ரஸ். பணம் நீங்க அனுப்ப இருந்த எடத்துக்குத்தான் போயிருக்கு. திருடன் உங்களுக்காக வேலைய முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கானா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில், சுமார் 3.50 மணிக்கு, என் மனைவி உமா நிலையத்துக்குள் வந்தாள். நான் எங்கே ஓடினேன் என்று அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது சல்மா. நான் அவர் மேல் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் எனக்காகச் செய்தது இது. உமாவின் கையில் இருந்த போனில் காணொளி அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆறு ஆட்கள் சேர்ந்து ஒரு பெரிய போறணையைக் கோப்பாய்க்குப் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மெல்ல, மெல்ல என்று அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைக் கண்டதும், "அண்ணை, வவுனியாக்காரன் வெறும் லொறியோட திரும்பிப் போறான்!" என்று கத்தினாள். சார்ஜனும் அதைப் பார்த்தார், கேட்டார்.

உமா சொல்லி நான் அறிந்தது பின்வருமாறு. நல்லம்மா என்னை ஐந்து முறை அழைத்தும் கிடைக்காததால், 2.10 மணிக்கு உமாவின் எண்ணுக்கு அழைத்திருக்கிறாள். பதினோரு ஆண்டுகளில் முதல் அழைப்பு. "மச்சாள், நான் நல்லம்மா கதைக்கிறன். அண்ணை போன் எடுக்கிறாரில்லை. எனக்கு வேற ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்ல," என்று சொல்லி அழுதிருக்கிறாள். உமா வேறு எதுவும் பேசாமல் பிரஷாந்தியின் முகவரியை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அலமாரியைத் திறந்து, மிக இரகசியம் என்று எழுதிய கோப்பை எடுத்து, தன் போனில் அதே செயலியைப் போட்டு, பன்னிரண்டு சொற்களையும் வரிசையாக அடித்திருக்கிறாள். முதலில் ஒரு டாலரை அனுப்பி, வந்துவிட்டதா என்று கேட்டு, வந்தது என்ற பிறகு மீதியை அனுப்பியிருக்கிறாள். அப்படி ஒரு டாலரை அனுப்பிப் பார்க்கலாம் என்பது கஜன் என்னிடம் நான்கு முறை சொன்னது. என் நினைவில் அது இல்லை. அதன் பிறகு எனக்கு ஏழு முறை அழைத்திருக்கிறாள். என் போன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அமைதியாக இருந்திருக்கிறது.

ஏன் செய்தாய் என்று சார்ஜன் முன்னிலையில் நான் உமாவைக் கேட்டேன். அவள், "நீங்க அவளுக்கு அண்ணன்னா நான் அவளுக்கு யாரு? அவ கூப்பிடட்டும்னு நான் இருந்தேன். நான் கூப்பிடட்டும்னு அவ இருந்திருக்கா. பதினோரு வருஷம் போச்சு," என்றாள். பிறகு, அன்றைக்குப் பாகு முற்றிவிட்டது, பணியாரம் உண்மையிலேயே கல்லாகத்தான் இருந்தது என்றும் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. அதை எழுதவா என்று சார்ஜன் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இப்படிப் பணம் அனுப்புவது நடைமுறைக்கு ஆகுமா என்றும் சார்ஜன் கேட்டார். தனக்கும் ஒரு தங்கை வெளியூரில் படிக்கிறாளாம். என் அனுபவத்தில், மொத்தக் கட்டணம் ஒரு வெள்ளிக்கும், அதாவது ஒரு ரிங்கிட்டுக்கும், குறைவு. விடுமுறை நாள் என்று கதவு மூடுவதில்லை. நான்கு நிமிடத்தில் கடல் தாண்டிப் போனது. அதே சமயம், ஒரு எழுத்துத் தவறினாலும் போனது போனதுதான். போய்க் கேட்பதற்கு ஒரு முகப்பு இல்லை, ஒரு குமாஸ்தா இல்லை. வாங்குகிறவர் அதைக் காசாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரஷாந்தி ஏற்றுக்கொண்டதால் எங்களுக்கு நடந்தது. மீன்காரரோ பள்ளிக்கூடமோ ஏற்றுக்கொள்ளும் நாள் வரை இது எல்லாருக்கும் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் போன்றவர்களின் கையில் கொடுக்காமல் இருப்பது உத்தமம். இனி அந்தப் பணப்பை என் மனைவியின் பொறுப்பில் இருக்கும். புதிய பன்னிரண்டு சொற்களை அவள் எங்கே வைப்பாள் என்று நான் கேட்கப் போவதில்லை.

சல்மா, சிதம்பரம், கஜன் ஆகியோர் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மங்கலான அந்தப் பிரதியை வியாழக்கிழமையே எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிட்டதாகச் சல்மா உமாவிடம் சொல்லியிருக்கிறார். மூன்று பேரிடமும் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்பேன். என் மனைவியைப் பற்றி நான் புகாரில் சொன்ன வாக்கியம் பொய். அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பது சார்ஜனால் எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டப்பட்டது. ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வி. ஸ்ரீகரன்

பதிவு செய்தவரின் குறிப்பு: சாட்சிக் கையெழுத்துக்காகத் திருமதி உமாவை அழைத்தேன். அவர் வாசலில் நின்று நல்லம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்ததால், பொறுக்கும்படி கையைக் காட்டினார். நேரம் 5.55. மறுபடியும் 6.20க்கு அழைத்தேன், மறுபடியும் கையைக் காட்டினார். சாட்சியாக வேறொருவரைப் போடலாமா என்று வாக்குமூலம் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, வேண்டாம், அவள் பேசி முடிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன் என்றார்.

(ஒப்பம்) சார்ஜன் மோகனராஜ்