'பராமரிப்பாளர் பெயர்' அவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நாற்காலியில் அமர்ந்தும், நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்தும் நிற்கும் மென்பொருள் நண்பர்களே! வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. மேடை ஏறியதும் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். பாதி பாட்டில் இறங்கிய பிறகுதான் செயலாளர் குனிந்து, "ஐயா, அது தலைவரோட சீட்டு" என்றார். எழுந்துவிட்டேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, தண்ணீரை முடியவில்லை. தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார். இப்போதே நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள் ஐயா. இனி அதற்கு வாய்ப்பு குறைவு.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவதோடு படிப்பு என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிட்டேன் என்று சொன்னால் என் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். மறைந்த உங்கள் பராமரிப்பாளரைப் பெற்றவன் என்பதைத் தவிர இங்கே நிற்க எனக்கு வேறு தகுதி இல்லை. உங்களுக்கு அவள் 'மேடம்'. எனக்குப் பாப்பா. தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும் பாப்பாதான்.

பாப்பா என்ன வேலை செய்தாள்? பகலில் ஓர் அலுவலகம். மிச்ச நேரமெல்லாம் நீங்கள்! கட்டற்ற மென்பொருள் எழுதுகிறீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், நல்ல விஷயம். ஆனால் எழுதினால் மட்டும் போதாதாம். எந்தத் துண்டை எதோடு எந்த வரிசையில் சேர்ப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஃபைல் வேண்டுமாம். பில்ட் ஃபைல். ஆளுக்கு ஒன்று எழுதினால் ஆளுக்கு ஒரு தப்பு வரும் என்று, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டவள் என் மகள். ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் ஒரே ஒயரிங் படம் என்று நான் புரிந்துகொண்டேன். அதில் ஒரு கோடு தப்பினால் எத்தனை பேர் நடுவில் தொங்குவார்கள்!

அந்த ஃபைலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினாள். பராமரிப்பாளர் கையேடு. ஒரு பக்கம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவாள்.

"அப்பா, இதுல இருக்கிறத மட்டும் படிச்சு அப்படியே செய்ங்க. என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா நான் தப்பா எழுதியிருக்கேன்னு அர்த்தம்."

"எனக்கு மூளை இல்லன்னும் அர்த்தம் இருக்கலாமே?"

"அது தெரிஞ்சதுதானேப்பா. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்."

ஒருநாள் இந்தக் கட்டளையை அடிக்கவும் என்று எழுதியிருந்தாள். அடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். "என்னப்பா, ஒண்ணும் நடக்கலயா?" "நீ எண்டர் தட்டச் சொல்லலியே!" தலையில் அடித்துக்கொண்டே எழுதிச் சேர்த்தாள். 'பிறகு எண்டரைத் தட்டவும். (என் அப்பா தட்டவில்லை.)' அந்த வரி இன்னும் இருக்கிறது. அதைப் படித்து உங்களில் யாராவது சிரித்திருந்தால், சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

ஆனால் யார் படித்தீர்கள்? படித்திருந்தால் இன்று இந்தக் கூத்து நடந்திருக்குமா?

சற்று முன் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரங்கல் செய்தி வாசித்தார். முதல் பத்தி அருமை. இரண்டாம் பத்தியில், 'நம் அன்புக்குரிய பராமரிப்பாளர் பெயர் அவர்களின் அயராத உழைப்பு' என்றார். பராமரிப்பாளர் பெயர்! நான் என் மகளுக்கு வைத்த பெயர் அது இல்லையே! அப்புறம், 'அவர் இருந்தவரை எதுவுமே உடையாது என்று நம்பியிருந்தோம். உடைந்ததையெல்லாம் நாங்கள் வருவதற்கு முன்பே அவர் சரிசெய்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது' என்றார். கடைசியில் என்ன சொன்னார்? 'அவர் செல்லும் இடத்திலும் இதே சிறப்போடு பணியாற்றிப் புதிய உயரங்களைத் தொட வாழ்த்துகிறோம்' என்றார். புதிய உயரம்! நான் லிஃப்ட்காரன், உயரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த மாடிக்கு எந்தக் கம்பெனியும் லிஃப்ட் போடுவதில்லை ஐயா!

நீங்கள் என்ன செய்தீர்கள்? தலையாட்டினீர்கள். ஒருவர் கைக்குட்டையை வேறு எடுத்தார்.

அந்தச் செய்தியை எழுதியது யார்? என் மகள்! கையேட்டில் 'ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும்போது' என்று ஒரு பக்கம் இருக்கிறது. வேறு வேலை கிடைத்துப் போகிறவரை வழியனுப்ப ஒரு மாதிரிக் கடிதம். 'பராமரிப்பாளர் பெயர்' என்று வரும் இடங்களிலெல்லாம் அவருடைய பெயரை இடவும் என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள். எங்கெல்லாம் வருகிறது என்று தேடக்கூடத் தலைவருக்குப் பொறுமை இல்லை. செத்துப்போனவளே தன் இரங்கல் செய்தியையும் எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது, உங்கள் சங்கத்தில்!

தலைவரை மட்டும் சொல்வானேன்? முன்வரிசையில் தாடியைத் தடவிக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே, அவர் ஒருநாள் போன் செய்தார். பாப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "மேடம், உங்க ஃபைலால எங்க புரோகிராமே நாசமாப் போச்சு!" அவள் பொறுமையாக, "அது பொது ஃபைல் இல்லைங்க. நீங்க காப்பி எடுத்துக்கிட்டுப் போய் மாத்தினது" என்றாள். "லேசாத்தான் மாத்தினேன்!" லேசாகத்தான்! லிஃப்ட் கயிற்றை லேசாகத்தான் அறுத்தேன் என்று சொல்லிவிட்டு யாராவது என்னைத் திட்டினால் நான் என்ன செய்வேன்? இங்கே சொல்ல முடியாது. அவள் என்ன செய்தாள்? கையைத் துடைத்துவிட்டு, அவர் கெடுத்ததை அவருக்கே சரிசெய்து அனுப்பினாள். நன்றி வந்ததா? 'இன்னும் சீக்கிரம் செய்திருக்கலாம்' என்று வந்தது!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் வந்தது. 'இன்னுமா பாக்கல?' 'முடியலன்னா எதுக்குப் பொறுப்புல இருக்கீங்க?' கூடச் சேர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவள் உங்களிடம் எத்தனை முறை கேட்டாள்! ஒருவராவது வந்தீர்களா? திட்ட மட்டும் எப்படி நேரம் கிடைத்தது?

பயப்படாதீர்கள். அவளைக் கொன்றது நோய். நீங்கள் இல்லை. அந்தப் பெருமையை உங்களுக்குத் தர மாட்டேன்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். தலைவர் விடவில்லை. வாசித்து முடித்ததும் ஓர் அறிவிப்பு செய்தாரே! பொது ஃபைலை அவள் விட்டுச்சென்ற நிலையிலேயே பூட்டி, இனி யாரும் கைவைக்காமல், அவள் நினைவாகப் பாதுகாக்கப் போகிறார்களாம். கை தட்டினீர்கள்!

யாரும் கைவைக்காத லிஃப்டை நாங்கள் பாதுகாக்கப்பட்ட லிஃப்ட் என்று சொல்வதில்லை. ஓடாத லிஃப்ட் என்போம். கதவில் ஒரு பலகை தொங்கும், சனங்கள் படியேறுவார்கள். வாழ்நாளெல்லாம் ஒன்றை ஓடவைத்தவளுக்கு, அதை நிறுத்திவைத்தா மரியாதை? பூட்டிவிட்டால் உங்களுக்கு வசதி. ஆள் தேட வேண்டாம், பொறுப்பேற்க வேண்டாம். ஆளுக்கொரு காப்பிதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே!

காப்பி எடுக்காதவர்கள் என்ன செய்வார்கள்? கடைசி வரிசையில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். திரும்பிப் பாருங்கள், தப்பில்லை. கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்கிற மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பூட்டப் போறாங்கன்னு சொல்றாங்கப்பா. கம்ப்யூட்டர்ல அடுத்து ஏதாவது புதுசா மாறுச்சுன்னா எங்களது ஓடாது. மேடம் போனப்புறம், நானே எடுத்துப் பாத்துக்கறேன்னு சங்கத்துக்கு எழுதினேன். பதிலே இல்ல." அந்தப் பெண் கையேட்டைப் படித்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? "அந்த எண்டர் தட்டாத ஆள் நீங்கதானே?" என்று கேட்டார்.

தலைவர் அவர்களே! அந்த ஃபைலைத் திருத்தும் உரிமையை இவருக்குக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?

பரிசீலிக்கலாம் என்கிறார். ஐயா, லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் கத்தும்போது நானும் "பாத்துட்டே இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறேன். அப்போது நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு என்னிடம் வேண்டாம். பூட்டுவீர்களா, கொடுப்பீர்களா? மைக்கில் சொல்லுங்கள்.

"சரி, குடுத்துடறோம்."

எல்லோருக்கும் கேட்டதா? சுவரோரம் நிற்பவர்களுக்கு? கேட்டது. அந்தக் குழந்தை கூட விழித்துக்கொண்டது.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். நீங்கள் எடுக்க வேண்டாம். உங்கள் உறுதிமொழிகளை நான் பார்த்திருக்கிறேன். நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பெண் கையேட்டில் எந்தப் பக்கத்தை மாற்றினாலும், புதிதாக எழுதினாலும், நான் வந்து எதிரில் உட்காருவேன். எழுதியிருப்பதை மட்டும் செய்வேன். புரியாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருப்பேன். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான மண்டை இந்த மன்றத்தில் கிடையாது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்!

தண்ணீருக்கு நன்றி, தலைவர் அவர்களே. வணக்கம்.

மேடையில் பேசியது இவ்வளவுதான். சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார், எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை.

அந்த மாதிரிக் கடிதத்தை எழுதிய அன்று பாப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அப்பா, வேலைய விட்டுப் போறவங்களப் பத்தி நல்லதா ஒரு வரி சொல்லுங்க. எனக்குப் புகழவே வரல."

"யாரும்மா போறாங்க?"

"இப்ப யாருமில்ல. யாராவது போவாங்கல்ல, அப்ப."

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஓய்வு பெற்ற மூத்த மெக்கானிக்கை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அவரு இருந்த வரைக்கும் எதுவுமே ஒடையாதுன்னு நம்பியிருந்தோம். ஒடஞ்சதையெல்லாம் நாங்க வர்றதுக்கு முன்னாடியே அவரு சரி பண்ணி வச்சிருந்தது எங்களுக்குத் தெரியாது."

"சூப்பர்ப்பா!" என்று ஓடினாள்.

மகளைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வரி தேடி, எதுவும் வராமல்தான் அன்றைக்கு மேடை ஏறினேன். தலைவர் எனக்கு முன்னால் அதை வாசித்துவிட்டார். நன்றாகத்தான் வாசித்தார்.