லிஸெல் வரும் வரை மணி அடிக்காது

முகத்துக்கு முன்னே கண்ணாடித் திரையும் மூக்குக்கு மேலே துணிக் கவசமும் தரித்து, தலைமை நாற்காலியைத் தன் மேனியால் நிறைத்து அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த்தலைவர் கேப்டன் தியோடுலோ அவர்களே. ஏறத்தாழ இரண்டாண்டுகள் பூட்டிக் கிடந்த பள்ளியைப் பூவாய்ப் பொன்னாய்த் துடைத்து நிறுத்தியிருக்கும் தலைமை ஆசிரியை ஹெர்மினியா அவர்களே. பல்லைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கவசம் இருக்கும் துணிச்சலில் வந்திருக்கும் பெரியோர்களே. கோழி கூவும் முன்பே எழுந்து, வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டு, பிள்ளைகளை வாரிச் சீவிக் கொண்டுவந்து சேர்த்திருக்கும் தாய்மார்களே. வலையை அப்படியே படகில் போட்டுவிட்டு வந்திருக்கும் தந்தைமார்களே. வகுப்பறைக்குள் அமர்ந்து, இந்த ஆள் எப்போது வாயை மூடுவான் என்று காத்திருக்கும் கண்மணிகளே. உங்கள் எல்லோருக்கும், இந்த சான் இலாரியோ தீவில், திரையில் வரியைப் பார்த்து மைக்கில் பாட வைக்கும் ஒரே வீடியோகே பெட்டிக்குச் சொந்தக்காரனாகிய ருஸ்திகோவின் பணிவான காலை வணக்கம்.

பள்ளி திறப்பு விழா. பாதிரியார் பேசலாம், பட்டணத்து அதிகாரி பேசலாம். பாட்டுப்பெட்டியை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் ஏன் பேசுகிறான்? கேட்கத்தான் செய்வீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சற்று முன்பு ஹெர்மினியா மேடம், அண்ணனிடம் பேசும் உரிமையோடு, என்னை ஓரமாக அழைத்தார்.

"மனோங் ருஸ்திகோ, எல்லாப் பிள்ளையும் வந்தாச்சு. பெர்பெத்துவா பொண்ணு லிஸெல் மட்டும் வரல. அந்தப் பிள்ள வராம மணி அடிக்க எனக்கு மனசில்ல. பெர்பெத்துவா இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருப்பா. அவ ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நீங்க பேசிட்டே இருங்க. உங்களால முடியும்."

என்னால் முடியுமாம். என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள், வேறு குரலில். ஆகவே அன்பர்களே, அதோ கடற்கரைப் பாதையைப் பார்த்தபடி நின்று பேசப்போகிறேன். தென்னைகளுக்கு நடுவே ஒரு தாயும் ஒரு சின்னப் பெண்ணும் தலை காட்டும் வரை பேசுவேன்.

என்ன கிறிஸ்புலோ, இப்போதே கையை ஆட்டுகிறாய்? உட்கார். இன்னும் வணக்கத்தின் ஈரமே காயவில்லை.

பள்ளி மூடிய காலத்தை மறந்துவிட்டோமா? மறக்க முடியுமா? வாரம் ஒருமுறை பாடக்கட்டுகள் படகேறி வந்தன. அவற்றைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டார்கள்; பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள் மிரண்டோம். இதோ கையாட்டிய கிறிஸ்புலோ, நண்டு பிடிப்பதில் நிகரற்றவர், தன் மகனுக்குப் பின்னம் கற்பிக்க ஒரு மாம்பழத்தை எடுத்தார். நான்காக நறுக்கினார். ஒரு துண்டைத் தானே தின்றார்.

"இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கு சொல்லு," என்றார்.

"அது எனக்கு வச்ச மாம்பழம்," என்றான் மகன்.

அத்தோடு அன்றைய கணக்குப் பாடம் கண்ணீரில் முடிந்தது. சிக்னல் தேடிக் குன்றேறிய தாய்மார்கள் எத்தனை பேர்? பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதி, அதிலும் தவறு வாங்கிய தந்தையர் எத்தனை பேர்? கேப்டன் அவர்களே, தாங்கள் ஏன் தலை குனிகிறீர்கள்? நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் என் நிலை என்ன? பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள் என்று, பகலெல்லாம் பாட்டுப்பெட்டிக்குத் தடை போட்டார் கேப்டன். சான் இலாரியோவில் பாட்டு இல்லாத பிறந்தநாளா? பாட்டு இல்லாத ஞானஸ்நானமா? மக்கள் பன்றியைச் சுட்டு வைத்துவிட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து மௌனமாகத் தின்றார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே பள்ளியைத் திறப்பதில் எனக்கும் ஒரு சின்ன ஆதாயம் உண்டு என்பதைச் சபையில் மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து செய்தி வந்தது. சின்னப் பள்ளிகள் சிலவற்றைத் திறந்து பார்க்கலாம். பெற்றோர் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். கூடிப் பேசுவது நமக்குத் தெரியாதா? கூடிவிட்டோம் கூடைப்பந்து மைதானத்தில். ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாதென்று ஹெர்மினியா மேடம் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டுவைத்தார். ஆளுக்கொரு வட்டம். வாய்க்குக் கவசம், முகத்துக்குத் திரை, நடுவில் கடற்காற்று. ஒருவர் பேசுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. பள்ளியின் ஒலிபெருக்கியோ உப்புக்காற்றில் துருப்பிடித்து உயிரை விட்டிருந்தது.

"மனோங் ருஸ்திகோவோட பெட்டியக் கொண்டாங்க," என்றது ஊர்.

கொண்டுவந்தேன். தள்ளுவண்டியில் வைத்து, தடை போட்ட அதே கேப்டனின் கண்ணெதிரே, தேர் போலத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் பெட்டியின் குணம் உங்களுக்குத் தெரியும். பாட்டு ஓடினால்தான் மைக் பேசும். பேச்சு நின்றால் தானே கைதட்டும். தட்டிவிட்டு மதிப்பெண் போடும். அதற்குப் பாட்டும் ஒன்றுதான், பட்டிமன்றமும் ஒன்றுதான்.

முதலில் கேப்டன் பேசினார். பின்னணியில் ஒரு காதல் பாட்டின் இசை.

"திறக்கலாம்னும் சொல்றாங்க. திறக்க வேண்டாம்னும் சொல்றாங்க. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. மக்கள் என்ன சொல்றாங்களோ அதத்தான் நானும் அப்பவே சொன்னேன்."

பெட்டி கைதட்டியது. ஐம்பத்தெட்டு. வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அடுத்து கிறிஸ்புலோ. "வீட்டுல வச்சிருந்தா பிள்ளைக்குப் படிப்பும் ஏறல, எனக்கு நண்டும் கிடைக்கல. அவன் என்னைய 'நீங்க டீச்சரா'ன்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்றது? திறந்து விடுங்க." தொண்ணூற்றொன்பது. மைதானம் அதிர்ந்தது. கடைக்காரி டெலியா பொறுப்பாளா? "அவரு உங்க கூட்டாளி, பெட்டியில ஏதோ பண்ணிட்டீங்க" என்று மைக்கைப் பிடுங்கினாள். "படிப்பு எங்கயும் ஓடிப்போகாது, உசுரு போனா வருமா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். எண்பத்தெட்டுதான் வந்தது. மறுபடியும் பேச வேண்டும் என்றாள். மூன்றாம் முறை, அதே வாதத்தை ராகம் போட்டுப் பாடினாள். எதிர்க்கட்சி தாளம் போட்டது. திரையில் எண் வரும்போது எட்டிப் பார்க்க எல்லோரும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டோம். பந்தயம் கட்டினோம். தோளில் தட்டிக்கொண்டோம். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமான சண்டையைப் பார்த்ததில்லை.

கிறிஸ்புலோ, மறுபடியும் என்ன சைகை? உன் தொண்ணூற்றொன்பதைச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும்?

அப்போது மைக் பெர்பெத்துவாவின் கைக்குப் போனது. பெர்பெத்துவா யார்? சொல்லத்தான் வேண்டும். சென்ற ஆண்டு இந்த நோய் எங்கள் தீவில் முதலில் தொட்டது அவள் கணவன் நெஸ்தோரை. படகில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கூட ஏற அவளை விடவில்லை. துறையில் நின்று கையசைத்தாள், அவனும் அசைத்தான். திரும்பி வந்தது ஒரு சின்னச் சாம்பல் ஜாடி. அவளிடம் போய் பயப்படாதே என்று சொல்ல எந்த நாக்குக்குத் தகுதி உண்டு? எனக்கில்லை. ஆகவே அவள் என்ன சொல்கிறாளோ அதைத்தான் ஊர் செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் அதிகம் பேசவில்லை.

"எல்லாரும் ஒரு தடவ உங்க காலப் பாருங்க," என்றாள்.

பார்த்தோம். மைதானம் முழுக்க வட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது. அது அவள்.

"வளந்தவங்க நீங்க. உங்களால ஒரு கூட்டம் முடியற வரைக்கும் வட்டத்துல நிக்க முடியல. என் பொண்ணுக்கு ஏழு வயசு. நாள் பூரா அவ நிப்பான்னு என்கிட்ட சொல்றீங்களா?"

மைக்கைக் கீழே வைத்தாள். பெட்டி கைதட்டியது, அதற்கு வெட்கமேது. மதிப்பெண் என்ன என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். முடித்து வைக்காதவர் ஹெர்மினியா மேடம். "பெர்பெத்துவா சொல்றது சரிதான். பிள்ளைங்கள அப்புறம் பாப்போம். முதல்ல நீங்க ஒரு வாரம் பள்ளிக்கூடம் வாங்க. ஒழுங்கா இருக்கீங்களான்னு அவளே பாக்கட்டும்," என்றார்.

வந்தோம் அன்பர்களே. வயதுவந்த நாம், வரிசையாக வந்தோம். கேப்டன் ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டுக் கை கழுவினேன் என்று சாதித்தவர் யார்? நான்தான். இடைவேளையில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கருவாட்டுக்கு மாற்றாக வாழையிலைச் சுமான் கொழுக்கட்டை வாங்கிப் பிடிபட்டவர்கள் யார்? கிறிஸ்புலோவும் டெலியாவும். மைதானத்தில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்ட இரண்டு பேரும், திருட்டில் கூட்டணி. கதவோரம் நின்ற பெர்பெத்துவா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மறுபடியும்." அந்த வாரம் செல்லாது. புது வாரம் தொடங்கியது. காற்று வரவில்லை என்றாள். ஜன்னல் கதவுகளைக் கழற்றினோம். கை கழுவ ஒரே குழாயில் முட்டிக்கொள்கிறீர்கள் என்றாள். வாசலில் வரிசையாகக் குழாய் பதித்தோம். வாசலில் கூட்டம் சேரக்கூடாது என்றாள், அதுவும் சட்டமானது.

கடைசியில் ஒரு வாரம், ஒரு குற்றமும் இல்லாமல், தேறிவிட்டோம். கேப்டன் அழுதார். திரைக்குள் அழுததால் துடைக்க முடியவில்லை.

பெர்பெத்துவா சொன்னாள்: "திறங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா என் பொண்ணப் பத்தி நான் இன்னும் யோசிக்கணும்."

யாரும் அவள் வீட்டுப் பக்கம் போய் நச்சரிக்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். போகவில்லை. ஆனால் அவள் வேலிக்கு இப்பால்தான் என் வீடு. காதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய நேரத்தில் பள்ளி மூடிவிட்டது லிஸெலுக்கு. வகுப்பறையைக் கண்டதில்லை. ஆகவே கோழிகளை நிறுத்தி வைத்து தினமும் வருகை எடுக்கிறாள். அவள் பிறந்தநாளன்று ஒரு கோழி குழம்புக்குப் போய்விட்டது. மறுநாள் அதன் பெயரைக் கூப்பிட்டாள். சற்றுப் பொறுத்தாள். "வரல. ஒடம்பு சரியில்ல," என்றாள். நான் சிரித்தேன் அன்பர்களே. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

யாரது, முடிக்கச் சொல்வது? இப்போது டெலியாவுமா? பாதையில் இன்னும் யாரும் வரவில்லை தாயே. முடிக்க மாட்டேன்.

கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இந்தப் பள்ளியைத் திறந்தது யார்? திறக்க வேண்டும் என்று கத்திய நாமா? நம்மிடம் விட்டிருந்தால், கதவைத் திறந்து, பிள்ளைகளை உள்ளே தள்ளி, வெளியே நின்று பாட்டுப் பாடியிருப்போம். அந்தக் குழாய்கள் யாரால் வந்தன? அந்த ஜன்னல்கள் யாரால் திறந்தன? தொண்ணூற்றொன்பது வாங்கிய வாயாலா? இல்லை. வட்டத்தை விட்டு விலகாமல் நின்ற இரண்டு கால்களால். திறக்காதே என்று சொன்னவள் திறந்த பள்ளி இது. பயந்தவள் பாதுகாத்த பள்ளி இது. இழந்தவள் இழைத்த பள்ளி இது. இன்று அவள் மகள் வரவில்லையென்றால், நாம் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளையின் நாற்காலியை யாருக்கும் கொடுக்கப்போவதுமில்லை. ஆனால் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு ஆசை.

கிறிஸ்புலோ, நாற்காலி மேல் ஏறி நிற்காதே. என்ன? எனக்குப் பின்னாலா? பின்னால் என்ன இருக்கிறது, வாசல்தானே.

கடவுளே.

பெர்பெத்துவா, நீ எப்போதம்மா வந்தாய்? நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேனே.

"துறைப் பக்கமா வந்தோம், மனோங். நீங்க கேப்டனுக்கு வணக்கம் சொல்லும்போதே வந்தாச்சு. வாசல்ல கூட்டம் போடக்கூடாதுன்னு சொன்னதே நான்தான். அதான் நீங்க முடிக்கட்டும்னு ஓரமா நிக்கறோம். அவங்களையும் சும்மா இருங்கன்னு சைகை காட்டினேன். அந்தக் கிறிஸ்புலோதான் அடங்கல."

நான் சொன்னதெல்லாம் கேட்டாயா?

"கேட்டேன்."

சபையோரே, சற்றுப் பொறுங்கள், என் கவசம் நனைந்துவிட்டது. நீங்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தீர்கள், அவள் நான் முடிக்கக் காத்திருந்தாள், நான் அவளுக்காகக் காத்திருந்தேன். சான் இலாரியோவில்தான் இது நடக்கும். அது யார் உன் கையை உதறுவது? லிஸெலா? என்னம்மா, மைக்கிலா சொல்ல வேண்டும்? அங்கிருந்தே சொல், கேட்கிறது.

"மனோங், இன்னும் எவ்வளவு நேரம் பேசுவீங்க? எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

உத்தரவு. மேடம், மணியை அடியுங்கள். கேட்ட காதுகளுக்கும், பொறுத்த பொறுமைக்கும், வந்த இருவருக்கும் என் நன்றி. உட்கார்கிறேன், வணக்கம்.